ஆவணியில் கிடா விட்டால் பொங்கலுக்குக் குட்டி

செம்மறி ஆட்டுக்குச் சினைக்காலம் 147 நாளிலிருந்து 150 நாள். ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் 17 வாக்கில் கிடாவைப் பட்டியில் விட்டால் முதல் குட்டி ஜனவரி 11லிருந்து 14க்குள் விழும். சென்னையைச் சுற்றி செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் பத்து முதல் முப்பது ஆடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் இருக்கும். குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் பின்னோக்கி எண்ணி கிடாவை விடுங்கள்.

நான் வேளச்சேரியில் குடியிருக்கிறேன், ஆடுகள் திருப்போரூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் இருக்கின்றன. ஆரம்பித்த வருடம் பதினெட்டுப் பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாகவே விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன், உண்மையிலேயே நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊர் செம்மறிகள் குளிர்நாட்டு ஆடுகள் மாதிரி ஒரு பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை, தீனி சரியாக இருந்தால் வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் பருவத்துக்கு வரும். அந்த வருடம் ஆனியில் சினை பிடித்தவை எல்லாம் கார்த்திகையில் ஈன்றன. அடைமழை, தரை முழுக்கச் சேறு, காற்று வேறு. பதினான்கு குட்டியில் ஆறு போய்விட்டது. மடியில் பால் கட்டிக்கொண்டு தாய் ஆடு கத்துவதை இரண்டு நாள் கேட்டால் போதும், அப்புறம் யாரும் கிடாவை வருடம் முழுக்கத் திறந்து விட மாட்டார்கள்.

சென்னைக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. 2023ல் மிக்ஜாம் புயல் டிசம்பர் தொடக்கத்தில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் குட்டி வேண்டவே வேண்டாம், மார்கழி முன்பாதி கூட எனக்கு பயம்தான். தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடும், சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாள் மேய்ச்சலும் வரப்புப் புல்லும் கிடைக்கும், தாய்க்குப் பால் ஊறும். தையிலும் மாசி முதல் பாதியிலும் பிறந்த கிடாக்குட்டிகள் ஆடி மாதம் ஐந்திலிருந்து ஏழு மாதக் குட்டியாக நிற்கும். ஆடியில் அம்மன் கோயில்களுக்குக் கிடா கேட்டு வருகிறவர்களுக்கு வீட்டு வாசலிலேயே விற்கலாம். ஆவணி என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கிடாவின் விரைக்குள் இருக்கிறது.

கிடாவின் உடம்பில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். உருவானது முதிர்ந்து வெளியே வரத் தயாராக மேலும் பத்து, பதினான்கு நாள். ஆக மொத்தம் இரண்டு மாதம். இன்றைக்குக் கிடா ஒரு பெட்டையின் மேல் ஏறுகிறது என்றால் அது செலவழிப்பது இரண்டு மாதத்துக்கு முன்பு உடம்பில் சேர்ந்த சரக்கு. விரை உடம்புச் சூட்டைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும், அதற்காகத்தான் அது வெளியே தொங்குகிறது. மே 4லிருந்து 28 வரை கத்திரி வெயில். அந்த நாட்களில் வெட்டவெளியில் நின்று மூச்சு வாங்கிய கிடாவின் விந்து ஜூலை வரைக்கும்கூடத் தரம் குறைந்து இருக்கலாம். ஆர்வமாகத்தான் ஏறும், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் சினை நிற்காது. கத்திரி முடிந்து இரண்டு மாதம் தள்ளி, ஆடியும் போய் ஆவணி பிறக்கும்போது பழைய சரக்கு தீர்ந்து புதியது வந்திருக்கும்.

அதனால் கிடாவைத் தயார் செய்கிற வேலை ஜூன் முதல் வாரமே தொடங்குகிறது. நல்ல நிழல், காற்றோட்டம், எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்று போட்டுவிடுங்கள், வெறும் தகரத்துக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள், புரியும்.

கிடா வாங்குவதாக இருந்தாலும் ஜூனிலேயே வாங்குங்கள். நம் பக்கத்து மண்ணுக்கு மெட்ராஸ் சிவப்பு போல ஒன்று கிடையாது. ரோமம் குறைந்த கறி இனம், செங்காவி நிறம், நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் சிலவற்றுக்கு வெள்ளை இருக்கும், கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பு இருக்காது. காட்டுப்பாக்கத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தின் மேல் பல வருடமாக வேலை செய்கிறது, பொலிகிடா வாங்குவதற்கு முன் ஒரு தடவை அங்கே போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. வயதைப் பல்லில் பாருங்கள். ரெண்டு பல் போட்ட கிடா என்றால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயது வாக்கில். முதல் தடவை இறக்குகிற ரெண்டு பல் கிடாவுக்குப் பதினைந்து பெட்டைக்கு மேல் கொடுக்காதீர்கள். நாலு பல், ஆறு பல் கிடா இருபத்தைந்து, முப்பது வரை தாங்கும்.

பின்னாலிருந்து குனிந்து இரண்டு விரையையும் கையில் பிடித்துப் பார்க்காமல் எந்தக் கிடாவுக்கும் பணம் கொடுக்காதீர்கள். விற்கிறவர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். இரண்டும் ஒரே அளவில், பையில் தாராளமாக நகர்கிற மாதிரி, மடக்கிய புஜத்தின் சதை போலக் கெட்டியாக இருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தாலும் வேண்டாம், கொளகொளவென்று இருந்தாலும் வேண்டாம். அடியில் சின்னக் குமிழ் ஒன்று தட்டுப்படும், அது இயல்புதான், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தாலோ தொட்டதும் கிடா துள்ளினாலோ விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் பின்னங்கால். ஏறும்போது முழுப் பாரமும் பின்னங்காலில்தான் இறங்குகிறது, அதில் குளம்பு வளர்ந்து மடங்கியிருந்தாலோ அழுகல் இருந்தாலோ கிடா வேலைக்கு ஆகாது. குளம்பு சீவுவதை விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் சீவி, ரத்தம் வந்து, நொண்டிக்கொண்டே இறங்கிய கிடாவை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வந்த கிடாவை மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். தனியாக என்றால் ஒற்றையாக விட்டுவிடக் கூடாது, செம்மறி ஒற்றையாக இருந்தால் தீனி எடுக்காமல் கத்திக்கொண்டே கிடக்கும். காயடித்த கிடா ஒன்றைத் துணைக்கு விடலாம். இந்த நாட்களில் குடற்புழு மருந்து, உண்ணி நீக்கம், தடுப்பூசி எல்லாம் முடியட்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு புருசெல்லா நோய்க்கு ரத்தம் சோதிக்க வழி செய்துகொண்டால் ரொம்ப நல்லது, சினையைக் கலைக்கும் இந்தக் கன்று வீச்சு நோய் பட்டிக்குள் நுழைந்தால் வெளியேற்றுவது பெரும்பாடு, அது மனிதருக்கும் தொற்றும்.

தீனி. ஜூன் கடைசியிலிருந்து கிடாவுக்குத் தினமும் 300லிருந்து 400 கிராம் அடர்தீவனம் கொடுக்கிறேன். மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 22, தவிடு 35, தாது உப்பு 2, சமையல் உப்பு 1 என்று வீட்டிலேயே அரைத்துக் கலந்துகொள்வேன். பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். தாது உப்பு வாங்கும்போது ஆட்டுக்கு என்று கேட்டு வாங்குங்கள், மாட்டுக்கு விற்பதில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம், செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் மிஞ்சினாலும் விஷம். கிடா நன்றாக இருக்கட்டும் என்று தானியத்தை அள்ளிப் போடவும் கூடாது. கொழுத்த கிடா சோம்பிப் படுத்துக்கொள்ளும், அதோடு தானியம் மிஞ்சினால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து ஆளையே சாய்த்துவிடும். வேலிமசால், அகத்தி, நிலக்கடலைக் கொடி இவைதான் வயிற்றை நிரப்ப வேண்டும்.

பெட்டைகளைப் பற்றி. ஆடியில் ஒரு நாள் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தி ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புத் தண்டில் கை வைத்து அழுத்தினால் எலும்பு முனை கூர்மையாகக் குத்தினால் ஆடு மெலிந்திருக்கிறது. அழுத்தினால் மட்டும் எலும்பு தெரிந்து மேலே சதை போர்த்தியிருந்தால் சரியான பதம். எலும்பே தட்டுப்படவில்லை என்றால் கொழுப்பு. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயிறு உப்பிய மெலிந்த ஆடும் தூரத்திலிருந்து பார்த்தால் கொழுகொழுவென்றுதான் தெரியும். பல் விழுந்தது, மடியில் கட்டி உள்ளது, இரண்டு வருடமாகச் சினையே பிடிக்காதது, இவற்றை அந்த மாதமே விற்றுவிடுங்கள். ஆடியில் விலை இருக்கும், புரட்டாசி வந்தால் பாதி ஊர் கறி சாப்பிடுவதை நிறுத்திவிடும். குட்டி இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் முன்பாவது பிரித்துவிடுங்கள். முதல் தடவை சேர்க்கிற இளம் பெட்டை, வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், சின்ன உடம்பில் குட்டியும் சரியாக வளராது, தாயும் அதோடு நின்றுவிடும்.

கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை கடைசி வாரத்திலிருந்து மெலிந்த, நடுத்தர ஆடுகளுக்குத் தலைக்கு 200லிருந்து 250 கிராம் அடர்தீவனம் போடுங்கள். உடம்பு ஏறுமுகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கருமுட்டை நன்றாக விழும். மாலை நேரத்து இடிமழையில் அந்த மாதங்களில் புல்லும் துளிர்க்கும், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். கிடா விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் தீவனத்தைத் தொடருங்கள், சட்டென்று நிறுத்தினால் பதியப் போகும் கருவுக்குக் கேடு. ஏற்கெனவே கொழுத்திருக்கிற ஆடுகளுக்கு இது தேவையில்லை.

குடற்புழு மருந்தையும் இந்த நேரத்திலேயே, கிடா உள்ளே போவதற்கு முன்பு கொடுத்து முடித்துவிடுங்கள். அல்பெண்டசோல் நல்ல மருந்துதான், எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுத்தால் கருவுக்கு ஊனம் வரலாம், கரு தங்காமலும் போகலாம். கிடா பட்டிக்குள் இருக்கும் நாளிலிருந்து, அதை வெளியே எடுத்து ஒரு மாதம் ஆகிற வரை அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். அவசியம் என்றால் மருத்துவரிடம் கேட்டு வேறு மருந்து கொடுக்கலாம். துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசி மழைக்காலத்துக்கு முன்பே போட்டாக வேண்டியது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஒரு தடவை போட்டால் மூன்று வருடம் தாங்கும். எப்போது போட்டீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா பாருங்கள்.

விடுவதற்கு முந்தைய நான்கு வாரம் பெட்டைகளின் கண்ணிலும் மூக்கிலும் காதிலும் கிடா படாமல் இருந்தால் ஒரு லாபம் உண்டு. நீண்ட நாள் பிரிந்திருந்த கிடாவின் வாடை திடீரென்று பட்டதும், பருவத்துக்கு வராமல் சும்மா இருந்த பெட்டைகளும் இரண்டு மூன்று நாளில் கருமுட்டை விடத் தொடங்கும். அந்த முதல் தடவை வெளியே அறிகுறி தெரியாமல் போகலாம், பதினேழு, பதினெட்டு நாள் கழித்து அடுத்த சுற்றில் கொத்தாகப் பருவத்துக்கு வரும். குட்டிகளும் கொத்தாகப் பிறக்கும், இரவு கண்விழிப்பது இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். ஒன்றரை ஏக்கரில் வாடை படாமல் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. நான் என் கிடாவை நான்கு வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சித்தப்பா வீட்டுத் தோப்பில் கட்டுகிறேன். தீவனமும் நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

இப்போது விடுகிற நாள். செம்மறிப் பெட்டை வெள்ளாடு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. வாலை ஆட்டும், கிடா பக்கத்திலேயே சுற்றும், ஏறவிட்டு அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரு நாள், ஒன்றரை நாளில் முடிந்துவிடும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிற ஆள் கண்ணில் பாதி படாது. அதனால் கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு நடுவே சாயம் பூசுங்கள். ஏறி இறங்கினால் பெட்டையின் பின்னிடுப்பில் சாயம் ஒட்டிக்கொள்ளும். பல ஊர்களில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள், நம் ஆடே காவி நிறம், அதில் காவி எப்படித் தெரியும்? சாக்பீஸ் தூளையும் துணிக்குப் போடும் நீலப் பொடியையும் விளக்கெண்ணெயில் கெட்டியாகக் குழைத்தால் இளநீலம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மறுபடியும் பூச வேண்டும். பதினாறாம் நாள் கரித்தூளுக்கு மாறிவிடுங்கள். நீலம் விழுந்த பெட்டையின் மேல் பதினேழு நாள் வாக்கில் கறுப்பும் விழுந்தால் முதல் தடவை சினை நிற்கவில்லை என்று பொருள்.

இந்தச் சாயம் ஒரு வருடத்தையே எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. சந்தையில் வாங்கிய ஒரு கிடா, பார்க்க ராஜா மாதிரி இருக்கும், முதல் இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு பெட்டையில் பத்தொன்பது நீலம். சந்தோஷமாக இருந்தது. சாயத்தை மாற்றிய நான்கு நாளில் எட்டு ஆடு கறுப்பு, பத்து நாளில் பதினைந்து. ஒன்றிரண்டு திரும்புவது சகஜம், பதினைந்து திரும்பினால் பழுது கிடாவில்தான். அன்றைக்கே பக்கத்து ஊரில் ஒருவரிடம் நாலு பல் கிடாவை வாடகைக்குப் பிடித்தேன். தை போய் மாசியில் குட்டி வந்தது, ஆனால் வந்தது. சாயம் இல்லாமல் இருந்திருந்தால் வயிறு தெரியவில்லையே என்று மார்கழியில்தான் விழித்திருப்பேன்.

பகல் முழுக்கக் கிடாவை மந்தையோடு ஓட விடாதீர்கள். ஆவணி வெயிலும் இங்கே வெயில்தான். மாலை ஆறு மணிக்கு உள்ளே விட்டு, காலை எட்டு மணிக்குப் பிரித்து நிழலில் கட்டித் தனியாகத் தீனி கொடுத்தால், அது ஓய்வும் எடுக்கும், இரவும் விடியற்காலையும் குளிர்ச்சியில் வேலையும் செய்யும். இல்லையென்றால் சாப்பிடுவதையே மறந்துவிட்டு ஐந்து வாரத்தில் எலும்பாகிவிடும். இரவில் அடைக்கிற பட்டிக்கு வலுவான கம்பிவலை இருக்கட்டும், நகரத்தின் ஓரத்தில் ஆட்டுக்காரர்களுக்குத் தெருநாய்க் கூட்டம்தான் பெரிய பகை.

இரண்டு கிடா வைத்திருந்தால் அறிமுகம் இல்லாமல் ஒன்றாக விடக் கூடாது, பத்தடி பின்னால் போய் ஓடி வந்து முட்டினால் ஒன்றுக்குக் கழுத்து ஒடியும். நெருக்கமான சின்ன அடைப்பில் ஒரு நாள், இரண்டு நாள் சேர்த்து வையுங்கள், பின்வாங்கி ஓடி வர இடம் இல்லாமல் வாடை பழகிவிடும். முட்டு உங்களுக்கும் விழும். பருவ காலத்தில் கிடாவுக்கு முதுகைக் காட்டிக் குனியாதீர்கள், குழந்தைகளைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். கிடாக்குட்டியாக இருக்கும்போதே நெற்றியில் தட்டித் தட்டி விளையாடினால் அது முட்டத்தான் கற்றுக்கொள்ளும். தாடையைத் தடவிக் கொடுங்கள், நெற்றியைத் தொடாதீர்கள்.

ஐந்து வாரம், அதாவது இரண்டு சுற்று முடிந்ததும் கிடாவை வெளியே எடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 17ல் விட்டால் செப்டம்பர் 21 கடைசி நாள், கடைசிக் குட்டி பிப்ரவரி 15 வாக்கில். இன்னும் இரண்டு ஆடு மிச்சம் இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள், பங்குனியில் பிறக்கும் குட்டி பால் மறக்கிற முன்பே வெயிலில் மாட்டிக்கொள்ளும். தனி அடைப்பு கட்ட வசதி இல்லாதவர்கள் கிடாவின் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணியை முன்னால் தொங்குகிற மாதிரி கட்டி மந்தையோடு விடலாம், ஆனால் தினமும் கழற்றிப் பார்த்துப் புண் இல்லாமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதே கிடாவை இரண்டு பருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் அதன் பெண் குட்டிகளே அதற்குச் சேர வந்துவிடும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, வேறு ஊர்க்காரர் யாரிடமாவது நல்ல கிடாவாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த முதல் ஒரு மாதம் பெட்டைகளை வண்டியில் ஏற்றுவது, துரத்துவது, நாயை விட்டு மடக்குவது எதுவும் வேண்டாம், கரு அப்போதுதான் பதிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு காதுத் தோட்டு எண்ணுக்கும் நேராக நீலமா கறுப்பா, எந்தத் தேதி என்று எழுதி, அதோடு 147ஐக் கூட்டிப் பக்கத்திலேயே ஈனும் தேதியைப் போட்டு வையுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு அடர்தீவனத்தை மறுபடியும் தொடங்க வேண்டும், அது கார்த்திகை அடைமழையில் வரும், மேய்ச்சல் இருக்காது. அதனால் உலர்ந்த கடலைக்கொடியை மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே வாங்கி நனையாத பரண் மேல் ஏற்றிவிடுங்கள், கொட்டகைத் தரையையும் அப்போதே ஒரு அடி உயர்த்தி மண் கொட்டுங்கள். அவசரம் என்றால் 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், அந்த எண்ணைக் கொட்டகைக் கதவிலேயே எழுதி வையுங்கள்.